தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட் தலையைக் காக்காது! கடையில் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வத்திராயிருப்பு வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் உள்ள வீடுகளில் ஹெல்மெட்டும் இருக்கிறது. ஆணியில் தொங்குகிறது. பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு முழங்கையில் வளையல் போலத் தொங்குகிறது. போலீசாரைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. கிருஷ்ணன்கோவில் முக்கு தாண்டியதும் இறங்கிவிடுகிறது.

போடாதவர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத கதை இன்னொன்று உண்டு. ஹெல்மெட் போட்டும் மண்டை உடைந்தவர் கதை!

வண்டி சறுக்குகிறது. ஆள் கீழே விழுகிறார். ஆனால் அவருக்கு முன்பே ஹெல்மெட் தனியாகக் கழன்று ரோட்டில் உருண்டு ஓடிவிடுகிறது. காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று, ஹெல்மெட் தலைக்குப் பெரிசு. மற்றொன்று, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டவில்லை.

காசு கொடுத்து வாங்கிய ஹெல்மெட், தேவைப்பட்ட அந்த ஒரு வினாடியில் தலையில் இல்லை. இந்தக் கொடுமையைத் தடுக்கக் கடையில் கொஞ்ச நேரம் செலவழித்தால் போதும்.

தினமும் ஓடும் ரோடு

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. சுற்றிலும் நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. கூமாப்பட்டி, கான்சாபுரம், மகாராஜபுரம், தம்பிபட்டி, சுந்தரபாண்டியம் என்று எந்த ஊர்க்காரருக்கும் இன்று மோட்டார் சைக்கிள்தான் கால்.

பஸ் வரும் வரை காத்திருக்க முடியாதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியில் போகிறார்கள். ராஜபாளையம் பஞ்சாலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் அகால நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு திரும்புகிறார்கள். கிருஷ்ணன்கோவிலில் ஏறினால் மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. அங்கே லாரி, கார், பஸ் எல்லாம் சிட்டாகப் பறக்கின்றன.

ஆடி அமாவாசை வந்தால் கேட்கவே வேண்டாம். சதுரகிரி மலைக்குப் போகும் பக்தர் கூட்டம் தாணிப்பாறை அடிவாரத்தை நோக்கித் திரளும். 2025-ம் ஆண்டு கூமாப்பட்டி வீடியோ செல்போனில் பரவியபோது பிளவக்கல் அணையைப் பார்க்க வெளியூர் வாலிபர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள்.

ஊருக்குள்தானே போகிறோம் என்பவர்களும் உண்டு. "இந்தா, தோப்பு வரைக்கும்தான் போறேன். அதுக்கெதுக்கு ஹெல்மெட்?" என்பதுதான் அவர்கள் பேச்சு. ரோட்டில் குறுக்கே வரும் மாட்டுக்குத் தோப்பும் ஒன்றுதான், நெடுஞ்சாலையும் ஒன்றுதான்.

ஒரு நாளைக்கு 137 பேர்!

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு திடுக்கிட வைக்கிறது.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இவர்களில் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50 ஆயிரத்து 29 பேர். நாள் ஒன்றுக்கு 137 பேர்!

இதில் 14 ஆயிரத்து 337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். மனைவி, மகன், தம்பி, கூட வேலை பார்ப்பவர். வண்டி ஓட்டாத இவர்களுக்கும் அதே கதி.

அதே 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64 ஆயிரத்து 105. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். உயிர் இழந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர்.

2015-ல் நடந்த தள்ளுமுள்ளு

தமிழ்நாட்டில் ஹெல்மெட் உத்தரவு புதிதல்ல. 2007-ம் ஆண்டிலேயே கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாள் போட்டார்கள். பிறகு பரணில் ஏற்றிவிட்டார்கள்.

2015-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி என்.கிருபாகரன் கண்டிப்பான உத்தரவு போட்டார். ஜூலை 1-ந் தேதி முதல் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டினால் லைசென்சும் வண்டி ஆவணங்களும் பறிமுதல். ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட்டும் அதை வாங்கிய ரசீதும் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள்.

அவ்வளவுதான். மாநிலம் முழுவதும் ஹெல்மெட் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. சரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. விலை ஏறியது. ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து ஹெல்மெட்டைக் குவித்து விற்றார்கள். போலி முத்திரை ஒட்டிய ஹெல்மெட்டும் அந்தக் குவியலில் கலந்து வந்தது.

கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தார்கள். தலைக்குச் சரியா என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கடையில் இப்போதும் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

"அண்ணாச்சி, ஒரு ஹெல்மெட் குடுங்க."

"என்ன விலையில பாக்கீங்க?"

"குறைச்ச விலையில குடுங்க. போலீசு பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"கறுப்பா, சிவப்பா?"

"கறுப்பே இருக்கட்டும்."

வியாபாரம் முடிந்தது. விலை கேட்டாயிற்று, கலர் கேட்டாயிற்று. தலையின் அளவை மட்டும் இருவருமே கேட்கவில்லை!

செருப்பு வாங்கப் போனால் காலில் மாட்டி, நாலு எட்டு நடந்து பார்க்கிறோம். சட்டை வாங்கினால் தோள் பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். உயிரைக் காக்கும் ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிடுகிறோம்.

தேங்காய்க் கணக்கு

ஹெல்மெட் ஏன் இறுக்கமாகப் பொருந்த வேண்டும்? அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே வராது.

தென்னை மரத்தில் 20 அடி உயரத்தில் இருந்து ஒரு தேங்காய் விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். கீழே பாறை இருந்தால் என்ன ஆகும் என்று தோப்புக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

40 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டியில் போகிறவர் தலை நேராகச் சுவரிலோ, லாரியின் பின்புறத்திலோ மோதினால் அதே அடிதான். 60 கிலோ மீட்டர் வேகம் என்றால் 46 அடி உயரத்தில் இருந்து விழுந்ததற்குச் சமம்.

மண்டை ஓடு உடைவது மட்டும் ஆபத்து அல்ல. ஓட்டுக்குள் மூளை இருக்கிறது. தலை சட்டென்று நின்றாலும் மூளை நிற்காது. உள்ளுக்குள் போய் இடிக்கும். ரத்தக் குழாய் கிழியும். ரத்தம் கட்டும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலேயே ஆள் மயங்கிப் போவது இதனால்தான்.

ஹெல்மெட்டில் மூன்று அடுக்கு உண்டு. வெளியே கெட்டியான ஓடு. அது அடியை ஓர் இடத்தில் விழவிடாமல் பரப்புகிறது. நடுவில் தெர்மாகோல். கைக்கு மெத்தென்று இருக்கும் பஞ்சு மூன்றாவது அடுக்கு. அது தலை வலிக்காமல் இருப்பதற்கு.

உயிரைக் காப்பது நடுவில் இருக்கும் தெர்மாகோல்தான். அடி விழும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தத் துளி நேரத்தில் தலை படிப்படியாக நிற்கிறது. மூளைக்குப் போக வேண்டிய அடியைத் தெர்மாகோல் வாங்கிக்கொள்கிறது.

ஹெல்மெட் பெரிசாக இருந்தால்? தலைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் இடைவெளி. ஹெல்மெட் ஒரு பக்கம் ஓடும், தலை ஒரு பக்கம் ஓடும். அடி விழும் இடத்தில் ஹெல்மெட் இருக்காது. வார் பூட்டாவிட்டால் தலையை விட்டே போய்விடும்.

அளவு எடுப்பது எப்படி?

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். அது இல்லையா? ஒரு நூலை எடுங்கள். பிள்ளையின் ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளலாம்.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே நெற்றியில் டேப்பை வையுங்கள். காதுக்கு மேலே கொண்டு போய், பின் மண்டையில் நன்றாகத் துருத்திக்கொண்டு இருக்கும் இடத்தைச் சுற்றி வாருங்கள். இரண்டு மூன்று தடவை அளந்து, வந்ததில் பெரிய அளவை எழுதிக்கொள்ளுங்கள். 57, 58 சென்டி மீட்டர் என்று ஏதோ ஒன்று வரும்.

கடையில் "எனக்கு எல் சைசு குடுங்க" என்று மட்டும் கேட்டால் ஏமாந்து போவீர்கள். ஒரு கம்பெனியின் 'எல்' வேறு, இன்னொரு கம்பெனியின் 'எல்' வேறு. ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் சென்டி மீட்டரிலோ மில்லி மீட்டரிலோ அளவு போட்டிருப்பார்கள். 580 மில்லி மீட்டர் என்றால் 58 சென்டி மீட்டர். அந்த எண்ணைப் பாருங்கள்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் முதலில் சிறியதைப் போட்டுப் பாருங்கள். புதுச் செருப்பு போலத்தான் புது ஹெல்மெட்டும். சில வாரத்தில் உள்பஞ்சு அமுங்கி இளகிக் கொடுக்கும். கடையிலேயே லொடலொடவென்று இருப்பது இரண்டு மாதத்தில் தலையில் நிற்காது.

தலையின் சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் வடிவம் ஒன்றாக இருக்காது. சிலருக்கு உருண்டைத் தலை. சிலருக்கு முன்னும் பின்னும் நீண்ட தலை. அதனால்தான் அளவு எடுத்தது மட்டும் போதாது. மாட்டிப் பார்த்தே ஆக வேண்டும். தம்பியை அனுப்பி வாங்கி வரச் சொல்லும் சாமான் அல்ல ஹெல்மெட்.

கடையில் செய்ய வேண்டிய 6 சோதனைகள்

1. இரண்டு வாரையும் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு தலையை உள்ளே விடுங்கள். நுழையும்போது கொஞ்சம் இறுக வேண்டும். தொப்பி போல 'தொபக்'கென்று விழுந்தால் அது பெரிசு.

2. கண்ணாடியில் பாருங்கள். ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நேராக இருக்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் தள்ளிப் போடுவது ஸ்டைலாக இருக்கலாம். அடிபடும் நெற்றிக்குப் பாதுகாப்பு கிடையாது.

3. கன்னம் இரண்டும் பஞ்சில் நன்றாக அழுந்த வேண்டும். முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டில் கன்னம் கொஞ்சம் உப்பித் தெரிவதுதான் சரி. நெற்றிக்கும் பஞ்சுக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். மேலும் கீழும் ஆட்டுங்கள். நெற்றித் தோலும் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். தலை நின்று ஹெல்மெட் மட்டும் சுற்றினால் அது உங்கள் ஹெல்மெட் அல்ல.

5. இதுதான் முக்கியமான சோதனை. தாடைக்குக் கீழே வாரைப் பூட்டுங்கள். தலையைச் சற்றுக் குனியுங்கள். கடைக்காரரையோ கூட வந்தவரையோ பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி முன்னால் தள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட் உருண்டு கழன்று வந்தால், விழும்போதும் அப்படித்தான் கழலும். அதை அங்கேயே வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

6. தேர்ந்தெடுத்ததைப் போட்டபடியே பத்துப் பதினைந்து நிமிடம் கடையில் இருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் சரி. நெற்றியில் ஓர் இடத்தில் மட்டும் குத்துகிறதா? கழற்றியதும் அங்கே சிவப்பாகத் தடம் பதிந்திருக்கிறதா? அளவு சரி, வடிவம் சரியில்லை என்று அர்த்தம். வேறு மாடல் பாருங்கள். தினமும் தலை வலித்தால் நாலே நாளில் ஹெல்மெட் ஆணிக்குப் போய்விடும்.

"இவ்வளவும் செஞ்சா கடைக்காரரு முகம் சுளிப்பாரே" என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல வியாபாரி சுளிக்க மாட்டார். காசு உங்களுடையது. தலையும் உங்களுடையது.

வார் பூட்டாத ஹெல்மெட்

அளவு பார்த்து வாங்கியவர்களிலும் பலர் வாரைப் பூட்டுவது இல்லை. "அவசரத்துல மறந்துட்டேன்" என்பார்கள். "கொக்கி உடைஞ்சு போச்சு, மாத்தணும்" என்பார்கள். ஆறு மாதமாக மாற்றவில்லை.

வார் இல்லாத ஹெல்மெட் தலையில் வைத்த சட்டிதான். விழும்போது முதல் அதிர்ச்சியிலேயே பறந்துவிடும்.

பூட்டிய பிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம். அதற்கு மேல் இடம் இருந்தால் இறுக்குங்கள். வாய் திறந்து கொட்டாவி விட்டால் ஹெல்மெட் மேலிருந்து லேசாக அழுத்த வேண்டும். கொக்கி உடைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். வாரைக் கயிறு போல முடிச்சுப் போட்டு ஓட்டுவது ஆபத்து.

முத்திரை அசலா, போலியா?

2021-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்கிறது சட்டம்.

அசல் முத்திரையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னம். அதற்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண் அது. சின்னத்துக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்.

வெறும் சின்னம் மட்டும் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் ஸ்டிக்கர் என்றால் நிச்சயம் சந்தேகப்படுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' என்ற செல்போன் செயலியில் லைசென்ஸ் எண்ணை அடித்தால் அது எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

உள்ளே கையை விட்டுப் பாருங்கள். பஞ்சை விலக்கினால் கெட்டியான தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். பிளாஸ்டிக் ஓடும் மெல்லிய ஸ்பாஞ்சும் மட்டும் இருந்தால் அது ஹெல்மெட் அல்ல, ஹெல்மெட் வேஷம் போட்ட கிண்ணம். கட்டிட வேலைக்குப் போடும் மஞ்சள் தொப்பியும், கிரிக்கெட் தொப்பியும் மோட்டார் சைக்கிளுக்கு ஆகாது. அவை வேறு அடிக்குச் செய்தவை.

பாதித் தலையை மூடுவதா, முகம் முழுவதும் மூடுவதா? முழுசாக மூடுவதே நல்லது. ஜெர்மனியில் விபத்தில் சிக்கியவர்களின் ஹெல்மெட்டுகளை ஆராய்ந்த டீட்மார் ஆட்டே என்ற ஆய்வாளர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடி தாடைப் பகுதியில்தான் விழுகிறது என்று கண்டார். பாதி ஹெல்மெட்டில் தாடைக்குக் காவல் கிடையாது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்

வீட்டுக்கு ஒரு ஹெல்மெட். வீட்டுக்காரர் போட்டதையே மனைவியும் போடுகிறார், காலேஜ் போகும் மகளும் போடுகிறார். மூன்று தலைக்கும் ஒரே அளவா? போலீசாருக்குக் காட்டலாம். தலையைக் காக்காது.

உச்சியில் கொண்டை போட்டால் எந்த ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. கொண்டைக்காகப் பெரிய ஹெல்மெட் வாங்குவது இன்னும் தப்பு. பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஹெல்மெட் போட முடியாதுதான். பூவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் போய்ச் சூடிக்கொள்ளலாம்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு கடைக்குப் போங்கள். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடிக் காம்பு காதோரம் நெருடாமல் நுழைய வேண்டும்.

நாலு வயதுக்கு மேல் இருந்தால் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது சட்டம். 9 மாதத்தில் இருந்து 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 2023-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி முதல் தனி விதி அமலில் இருக்கிறது. குழந்தையின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது.

அப்பாவின் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்ப்பது விளையாட்டுக்குச் சரி. ரோட்டில் கூடாது. "வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கினா ரெண்டு வருசம் வரும்" என்ற சட்டைக் கணக்கும் இங்கே செல்லாது.

சாக்குப் போக்கும் பதிலும்

"ஹெல்மெட் போட்டா காது கேக்காது. பக்கத்துல வர்ற வண்டி தெரியாது" என்பது பழைய பல்லவி.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. 1981-ம் ஆண்டில் அறிக்கை வந்தது. ஹெல்மெட்டால் காது கேட்காமல் போனது என்றோ, பார்வை மறைந்தது என்றோ அந்த விபத்துகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தலையில் பட்ட காயத்தைக் குறைத்தது ஹெல்மெட் என்பதே தெளிவாயிற்று.

"விதி முடிஞ்சா ஹெல்மெட் என்ன செய்யும்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 2008-ம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஹெல்மெட் சாகும் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது.

இதற்கெல்லாம் வித்திட்டது ஒரு பிரபல மனிதரின் சாவு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் டி.இ.லாரன்ஸ், 1935-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி மோட்டார் சைக்கிளில் போனபோது சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மீது மோதாமல் ஒதுங்கப் போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. நினைவு திரும்பாமலேயே 19-ந் தேதி இறந்தார்.

அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ். அவர் சும்மா இருக்கவில்லை. 1941-ம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். ஹெல்மெட் போட்டிருந்து அடிபட்டு அவர் பார்வைக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருமே பிழைத்தார்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் கடிதம் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

"என் தலை, என் இஷ்டம்" என்று நம் நாட்டில் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். ஆந்திராவில் இருந்த ஹெல்மெட் விதி தன் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். 1988-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்துவிட்டது.

வெயிலில் வியர்க்கிறது என்பது உண்மையான கஷ்டம். அதை மறுக்க முடியாது. காற்று போகும் துளைகள் உள்ள, வெளிர் நிற ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கலாம். மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு போடலாம். தடித்த துண்டைச் சுற்றினால் ஹெல்மெட் உட்காராது. கழற்றித் துவைக்கும் உள்பஞ்சு உள்ளதாக வாங்கினால் நாற்றமும் அரிப்பும் இல்லை.

எப்போது தூக்கிப் போட வேண்டும்?

ஒரு தடவை விபத்தில் பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் அத்தோடு சரி. வெளியே கீறல்தானே என்று நினைப்போம். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். நசுங்கியது மறுபடி உப்பாது. அடுத்த அடியைத் தாங்க அதில் சத்து இல்லை. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வாங்கக் கூடாது என்பதும் இதனால்தான். அது எத்தனை அடி வாங்கியது என்று யாருக்குத் தெரியும்?

அடி படாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. வியர்வை, வெயில், எண்ணெய் எல்லாம் சேர்ந்து உள்பஞ்சும் வாரும் நைந்துவிடும்.

பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். தெர்மாகோலைப் பெட்ரோல் அரித்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கீறல் விழுந்த முன் கண்ணாடியை மாற்றிவிடுங்கள். இரவில் எதிரே வரும் லாரியின் லைட்டு அந்தக் கீறல்களில் சிதறிக் கண்ணைக் கூசும்.

அபராதம் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவின்படி ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். வாரைப் பூட்டிப் போட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் லைசென்சை முடக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் முன்பு 100 ரூபாயாக இருந்த அபராதம் 2022-ம் ஆண்டு அக்டோபரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. புது வண்டி வாங்கும்போது தர முத்திரை உள்ள ஹெல்மெட்டை வண்டியோடு கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. ஷோரூமில் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது அதையும் தலையில் மாட்டி அளவு பாருங்கள்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுங்கள். தலையில் மாட்டி வாரைப் பூட்டுங்கள். வீட்டில் யாரையாவது பின்பக்கம் பிடித்து முன்னால் தள்ளச் சொல்லுங்கள். கழலாமல் நின்றால் நாளைக் காலையில் அதையே போட்டுக்கொண்டு போகலாம். கழன்று கையோடு வந்துவிட்டால், நாளைக்கு முதல் வேலை டேப்பை எடுத்து அளவு பார்ப்பதுதான்!